பச்சைத் தண்ணீர்

பேர்ணாம்பட்டு தாலுகா ஆபீஸ் எதிரே
புளியமரத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில்
என் மேசை.
மனு ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
பிழை என்னுடையதானால்
திரும்ப அடிக்கக் காசு வாங்குவதில்லை.
அந்த ஒரு கிணற்றுக்கு
நான்கு முறை அடித்தேன்.

"எங்கள் கிணற்றில் சித்திரை முதல்
பச்சைத் தண்ணீர் வருகிறது"
என்றிருந்தது முதல் மனு.
வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"பின்னே, வெந்நீரா வரும்?"
வரிசையே சிரித்தது.
பிழை என்னுடையதுதான்,
அடித்த கை அதைக் கவனிக்கவில்லை.

நீலம் என்று மாற்றினேன்.
ஜீப் வந்தது. குனிந்து பார்த்தார்கள்.
"நீலம் காணப்படவில்லை" என்று
பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப்
போய்விட்டார்கள்.

அப்புறம் கிணற்றடியிலேயே பஞ்சாயத்து.
நீலாவதி பச்சை என்றாள்.
பச்சையம்மாள் நீலம் என்றாள்,
ஒருத்தி வீட்டில் மற்றவள் குடியிருப்பது போல.
தஸ்லீமா துப்பட்டாவை உருவித்
தண்ணீருக்கு நேரே பிடித்தாள்:
"ஃபெரோஸி. பாருங்க, இதேதான்."
துணி எது, கிணறு எது என்று
ஒரு நொடி தெரியவில்லை.
அப்படியென்றால்?
"கடைக்காரர் சொல்ற பேரு.
அவருக்கு யார் சொன்னாங்களோ."
மயில்கழுத்து என்றாள் இன்னொருத்தி,
இன்னும் கட்டாத புடவை ஒன்றை நினைத்து.
அதை எழுதினேன்.
"உவமையெல்லாம் வேண்டாம்மா, நிறத்தை எழுது"
மூன்றாவதும் திரும்பி வந்தது.

மயில் கழுத்தை இப்படித் திருப்பினால் ஒன்று,
அப்படித் திருப்பினால் ஒன்று.
மனுவில் நிறம் எழுதும் இடத்துக்கு
ஒரே பக்கம்தான்.

மிஷினுக்கு உறை போடும் நேரத்தில்
தேசிங்கு வந்தான்.
தோல் ஷெட்டில், குரோம் டிரம்மில், எட்டு வருஷம்.
சைக்கிளை விட்டு இறங்கவில்லை,
ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டான்.
"அதுக்கு எங்ககிட்ட ஒரு பேரு கீதுக்கா.
டிரம்மைத் தெறந்து தோலை வெளிய இழுத்தா
அதே கலரு.
வெட் ப்ளூ."
பெடலை மிதித்த பிறகு திரும்பிச் சொன்னான்:
"என் பேரைப் போட்டுடாதே."

ஈர நீலம் என்று
தமிழில் அடித்துப் பார்த்தேன்.
மழை விட்ட வானம் போல இருந்தது.
அழகாக இருந்ததால்
தாளை உருவிக் கசக்கினேன்.
ப்ளூ என்கிறார்கள், அது நீலமும் இல்லை.
ஆனால் அந்தத் தப்பான சொல்லுக்கு
ஒரு விலாசம் இருக்கிறது.
ஒரு கேட், ஒரு வாட்ச்மேன்,
ராத்திரி மட்டும் திறக்கும் ஒரு குழாய்.

வெட் ப்ளூ
என்று எழுத்துக் கூட்டி அடித்தேன்.
அடிக்கோடு போடவில்லை.

இந்த முறை நானே எடுத்துப் போனேன்.
கண்ணாடிக்காரர் அந்த வரிக்கு வந்ததும் நின்றார்.
நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
சிரிக்கவும் இல்லை.
"இந்த வார்த்தையை யார் சொன்னது?"

வரிசையில் எனக்குப் பின்னால்
ரேஷன் கார்டோடு தேசிங்கு நின்றிருந்தான்.
நான் திரும்பவில்லை.
அவன் நகக்கண்ணில் இருப்பது
எந்த சோப்புக்கும் போகாது.
கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்ளட்டும் என்று
கொஞ்சம் நீளமாக
இருமினேன்.