திரும்பி வந்தது

கண்காட்சித் திடலின் தகரக் கொட்டகையில்
துப்பாக்கிச் சந்தை மூன்று மணிக்கே கலைந்துவிடும்.
விலைபோகாததைப் போர்வையில் சுற்றி
வண்டியில் போட்டுவிட்டு
எதிர்ச்சாரி உணவகத்தில்
வறுத்த உருளைக்கிழங்கும் காப்பியுமாக
உட்கார்ந்துகொள்வோம், ஐந்தாறு பேர்.
பேச்சு எங்கே தொடங்கினாலும்
விற்றிருக்கக் கூடாததில் போய்த்தான் நிற்கும்.
மாண்டனாவில் அதற்குக் குளிர்காலம் நீளமாக இருக்கிறது.

வெர்லினுக்கு ஒரு வின்செஸ்டர்.
லாரியின் கியர்பெட்டி உடைந்த வருஷம்
அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது.
லாரி இப்போது அவன் கொல்லையில்
சக்கரமில்லாமல் கிடக்கிறது,
பூனை குட்டி போட்டிருக்கிறது அதில்.
துப்பாக்கியோ பில்லிங்ஸில்
ஒரு பல்மருத்துவர் வீட்டுச் சுவரில்.
"நாலு மடங்கு தருகிறேன் என்றேன்,
அந்த ஆள் சிரித்தான்."
அந்தச் சிரிப்பை வருஷத்துக்கு இரண்டு தடவை
எங்களுக்குச் செய்து காட்டுவான்.

டுவேனுக்கு நேர்மாறு,
வாங்கியதில்தான் வயிற்றெரிச்சல்.
கரடியை நிறுத்தும் கைத்துப்பாக்கி.
கரடியை அவன் பார்த்ததே மிருகக்காட்சி சாலையில்.
ஒரே தடவை சுட்டான்.
மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம்
இடது கையால் பல் தேய்த்தான்.
விற்கவும் மாட்டான்.
விற்றால் முட்டாள்தனத்துக்கு
ரசீது போட்ட மாதிரி ஆகிவிடுமாம்.

சிரிப்போம்.
புதிதாக வந்தவன் யாராவது
என் பக்கம் திரும்பி
"உனக்கு எது?" என்பான்.
மற்றவர்கள் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழிப்பார்கள்,
ஏற்கெனவே போட்டுக் கலக்கிய காப்பிக்கு.

என்னுடையது ரெமிங்டன்.
கட்டையில் வேலிக்கம்பி கீறிய ஒரு கோடு.
ஆரின் டெஸ்கி கேட்டான்.
தீவனக்கடை வாசலில்
என் வண்டியின் பின்பலகையில் வைத்துக் காட்டினேன்.
கன்றுக்குட்டிக்கே மூன்று நாள் பேரம் பேசுகிறவன்
சொன்ன விலையை
இருபது இருபதாக எண்ணிக் கொடுத்தான்.
தோட்டா இரண்டு பெட்டி இனாம் என்றேன்.
ஒன்றே அதிகம் என்றான்.

மான் வேட்டைப் பருவம் முடிந்து
அன்றைக்கு மூன்று வாரம்.

நல்ல விலை. எனக்குச் சந்தோஷம்.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.
வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு போனேன்.
அந்தப் பணத்தில் பனிக்கால டயர் நான்கு வாங்கினேன்.
இன்னும் அவற்றில்தான் ஓட்டுகிறேன்,
ஒருமுறைகூட வழுக்கியதில்லை.

விற்றது திரும்பி வராதா என்று
மேசையைச் சுற்றி எல்லோருக்கும் ஏக்கம்.
எனக்கு வந்தது.

மார்ச் மாதம். முழங்கால் சேறு.
மார்லிஸ் டெஸ்கி வாசலில் நின்றாள்,
படுக்கை விரிப்பில் சுற்றியதை
இரண்டு கையாலும் ஏந்தி.
ஷெரிஃப் அலுவலகத்துச் சீட்டு
நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.
"இது உங்களுடையது" என்றாள்.
"விற்றுவிட்டேனே" என்றேன்.
இந்த வாய் எத்தனையோ பேசியிருக்கிறது,
அதைவிடக் கேவலமாக எதுவும் பேசியதில்லை.
பணம் எடுக்க உள்ளே ஓடினேன்.
திரும்பி வந்தபோது
மிதியடிமேல் அது மட்டும் கிடந்தது,
அவள் கார் பாலத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

விரிப்புக்குள் தோட்டாப் பெட்டியும் இருந்தது.
இருபதில் பத்தொன்பது.

எண்ணெய் போட மனம் வராது.
துருப்பிடிக்க விடவும் வராது.
படிக்கட்டுக்கடியில் இருக்கிறது,
சீட்டை அறுக்கவில்லை.

சந்தைக்குப் போகிறேன் இன்னும்.
வேறென்ன தெரியும் எனக்கு?
போன சனிக்கிழமை ஒருவன்
என் மேசைமேல் இருந்த சாவேஜை எடுத்து,
தோளில் வைத்துப் பார்த்து,
விலைச்சீட்டைப் படித்து,
ஒரு வார்த்தை பேசாமல் பணப்பையைத் திறந்தான்.

"அது விற்பனைக்கில்லை" என்றேன்.
"விலை எழுதியிருக்கிறதே" என்றான்.

குறைத்துக் கேள், அப்பா.
பாதி விலைக்குக் கேள்.
நான் கத்துகிற மாதிரி கேள்.