கொடுத்த சொல்

தோ பாயோ எட்டாம் லோரோங்,
வெள்ளி இரவு, புளோக்கின் கீழ்த்தளம்.
கல்மேசையின் சதுரங்கக் கட்டங்கள் மேல்
ஹிதாயா வரைபடத்தை விரித்தாள்.
பிஸ்கட் டின்னுக்குள் இருபது முகப் பகடைகள்.

வெய் ஜியே மந்திரவாதி.
விரலைச் சொடுக்கினால் நெருப்பு,
ஒரு நாளைக்கு ஆறு, எண்ணி.
எனக்கு வாய்த்தவன் ஷாமன்.
"சாமியாடியா?" என்றேன்.
"போமோவா?" என்றான் ஜியே.
"தாளைப் பாருங்கள்" என்றாள்.
மந்திரங்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
அதற்குக் கீழே,
தெரிந்தவர்கள்: மூவர்.
ஒரு பாறை. ஒரு கிழட்டு நரி. ஓர் ஆறு.
ஒவ்வொருவர் பக்கத்திலும்
பிடித்தது, பிடிக்காதது,
நான் வைத்திருக்கும் பாக்கி.

மூன்றாம் வாரம் பாலத்தில் மாட்டிக்கொண்டோம்.
அந்தப் பக்கம் நாற்பது ஈட்டிகள்.
ஜியேவின் நெருப்பு காலையிலேயே தீர்ந்திருந்தது.
"ஆறே, எழுந்து வா" என்று உருட்டினேன்.
பத்தொன்பது.
"காது கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.
ஏவுவதற்கு அது உன் வேலையாள் இல்லை.
கேள்."

கேட்டேன்.
பொன் வேண்டாம் என்றது. ரத்தம் வேண்டாம் என்றது.
தாதி வேலை முடித்து வந்தவளின்
களைத்த குரலில் பேசியது ஆறு:
உன் சொற்களில் ஒன்றைக் கொடு.
மேலிருந்து என்னிடம் வருகிறாளே,
அவளுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர்.
என் தாயை ஊரே பெயர்சொல்லிக் கூப்பிடுவது
எனக்குப் பொறுக்கவில்லை.

சொல் கொடுத்தேன்.
பாலம் போனது. நாற்பது பேரும் போனார்கள்.
ஜியே மேசையைத் தட்டியதில்
கோப்பி கவிழ்ந்து, வரைபடத்தில் இன்னும் அந்தக் கறை.

அப்புறம் டிசம்பர்.
பந்தைப் போட்டுவிட்டுப் பிள்ளைகள்
அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டே உள்ளே ஓடிவந்தார்கள்.
நான் கையை வெளியே நீட்டி
"நனையப் போகிறோம்" என்றேன்.
"டேய், விளையாட்டுதானே?" என்றான் ஜியே.
ஆமாம் என்றேன்.

என் ஷாமன் பனிமலையில் செத்தான்,
காய்ச்சலில், கதைக்குத் தேவையே இல்லாத சாவு.
வில்லாளி ஒருத்தியை எழுதிக்கொண்டேன்.
பழைய தாளைக் கிழிக்கப் போனபோது
ஹிதாயா தடுத்தாள்: பாக்கி இருக்கிறதே.
செத்தவன் கடன் யாருக்கு?
விதிப் புத்தகத்தில் தேடினோம்,
கடைசி எம்ஆர்டி போகும்வரை.

எனக்குப் பிழைப்பு மின்தூக்கி பழுதுபார்ப்பு.
ஞாயிறு விடிகாலை, பி தூக்கி நகரவில்லை.
அடிக்குழியில் இறங்கினேன்.
முட்டியளவு தண்ணீர்,
ஒற்றைச் செருப்பு, மிதக்கும் மைலோ டப்பா.
போனில் மேற்பார்வையாளர்:
"காரணம் என்னன்னு சொல்லு, அறிக்கைல போடணும்."

ஒரே ஒரு சொல் போதும் அதற்கு.

டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர்
அசையாமல் நின்றது, காது கொடுத்தபடி.
"ஆறு வந்துட்டுப் போயிருக்கு சார்" என்றேன்.
"எந்த ஆறுப்பா?"
பம்பை ஓடவிடலாமா என்று
நான் வேறு யாரையோ
கேட்டுக்கொண்டிருந்தேன்.