ஒட்டுபால்

பெயர் வைத்தது பெர்சில்.
சிரட்டையில் உறைந்து மிஞ்சுவதைக் கிள்ளியெடுத்து,
சாக்கில் கட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு
குலசேகரம் கடையில் எடைபோட்டு விற்ற காசில்தான்
அவனுக்கு டிரம் செட் வந்தது.
செட் என்றால் செட் இல்லை:
ஒரு ஸ்நேர், விரிசல் விட்ட ஒரு சிம்பல்,
கிக் டிரம்முக்குப் பதில்
பால் உறையவைக்கும் ஆசிட் வந்த காலி கேன்.

ஷிபினிடம் சர்ச் கிட்டார் இருந்தது.
ஞாயிறு காலை அது ஆண்டவருக்கு,
மிச்ச நேரமெல்லாம் எங்களுக்கு.
அவன் அப்பாவின் புகைப்புரையில் வாசித்துப் பழகினோம்.
தலைக்கு மேல் ஷீட்டுகள் துணிபோலத் தொங்கும்.
கம்பிகள் ஒரு வாரத்தில் கறுத்துவிடும்.
எங்களுக்கென்று ஒரு சவுண்டு உண்டென்று
பிற்பாடு யாரோ சொன்னார்கள்.
அது புகை.

லிடியா மெர்பின், நர்சிங் இரண்டாம் வருடம்.
பாட வந்தவள் எழுதவும் செய்தாள்.
மார்த்தாண்டம் பஸ்ஸின் ஜன்னல் சீட்டுக்கு
இரண்டு பேர் போடும் சண்டை ஒரு பாட்டு.
விடிகாலை நாலு மணிக்கு மழைச்சத்தம் கேட்டு
‘இன்னைக்கு வெட்டில்லே’ என்று
போர்வையை மறுபடி இழுத்துக்கொள்பவனின் சந்தோஷம்
இன்னொன்று.
அதில் நான் பாஸில் மூன்றே சுரம் வாசித்தேன்.
வேறு தெரியாது எனக்கு.

அருமனையில் ஒரு கல்யாண ரிசப்ஷன்.
மூன்றாம் பாட்டில் பெண்ணின் சித்தப்பா வயரைப் பிடுங்கினார்.
பிரியாணிக்கு மட்டும் குறை வைக்கவில்லை.
திருவனந்தபுரத்தில் ஒரு காபிக் கடை.
நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள்,
முப்பத்தொன்று லிடியாவின் வகுப்பு.
மீதிப் பதினொரு பேரை
இன்றைக்கும் முகம் முகமாகச் சொல்வேன்.

மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில்
பக்திப்பாட்டு பதிகிற ஸ்டூடியோவில்
ஐந்து பாட்டு, ஒரே ராத்திரி.
நாலாவதில் ஒரு லாரி ஹார்ன் விழுந்தது.
சுருதியில் இருந்ததால் விட்டுவிட்டோம்.

சென்னையிலிருந்து ஒருவர் வந்தார்,
வெள்ளை ஷூ, நல்ல மனிதர்.
‘பாட்டெல்லாம் ஓகே, பேர்தான் நாறுது’ என்றார்.
‘நாறத்தான் செய்யும்’ என்றான் பெர்சில்.
அதோடு சென்னை முடிந்தது.

நாங்கள் பிரிந்ததற்கு
சொல்லிக்கொள்ளும்படி காரணம் ஒன்றுமில்லை.
ஆம்ப் வாடகை ஆயிரத்தெண்ணூறு யார் கொடுப்பதென்று
ஷிபினும் நானும் எட்டு மாதம் பேசவில்லை.
அதற்குள் லிடியா பரீட்சை எழுதி பாஸாகி
பெர்த்துக்குப் போய்விட்டாள்.
பெர்சில் ஜேசிபி ஓட்டுகிறான்.
நான் தக்கலையில், இன்சூரன்ஸ்.

ஏழு வருடம் கழித்து ஒரு பார்சல்.
அங்கே நைட் ட்யூட்டியில் அவள் முனகியதைக் கேட்டு
கால் முறிந்து படுத்திருந்த ஒருத்தன்
‘இது என்ன பாட்டு’ என்று கேட்டானாம்.
இசைத்தட்டுக் கம்பெனி வைத்திருக்கிறானாம்.
கம்பெனி என்றால் கம்பெனி இல்லை:
அவனும் ஒரு கார் ஷெட்டும்.
முந்நூறு தட்டு போட்டிருக்கிறான்,
ஹார்னோடு.

மூன்று பேரும் ஷிபினின் ரப்பர் கடையில் கூடினோம்.
சுழலவிட்டுக் கேட்க
குலசேகரத்தில் யாரிடமும் மெஷின் இல்லை.
ஷிபின் பழக்கதோஷத்தில்
தட்டை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான்,
ஷீட்டுக்குத் தரம் பார்க்கிற மாதிரி.
‘வரி நல்லா விழுந்திருக்கு மக்கா.
குமிழி இல்லே.
வெளிச்சந்தான் கடக்கல்லே.’
நடு ஓட்டை வழியாக மட்டும்
அவன் கண்ணில் ஒரு பொட்டு விழுந்தது.

பிறகு தராசில் வைத்தான்.
நூற்று நாற்பது கிராம்.
ஒட்டுபால் அன்றைக்குக் கிலோ நூறு.
பதினாலு ரூபாய்.
கல்லாவைத் திறந்து
எங்களுக்கு மூணு மூணு எண்ணிக் கொடுத்தான்,
தனக்கு மூணு எடுத்துப் பையில் போட்டான்.
எழுதினவளுக்கு அஞ்சு.
பில் புக்கில், பால்காரர்களின் கணக்குக்குக் கீழே,
குறித்துக்கொண்டான்:
லி. மெர்பின், பாக்கி ரூ. 5.