வலப்பக்கம்

கிரிக் டவுனில்
இரும்புக்கடை மாடியில் என் மேசை.
கீழே செம்பனை லாரி திரும்பும்போதெல்லாம்
திரையில் இருக்கும் புலி நடுங்கும்.

எங்கள் கேமராவில் வலப்பக்கம் மட்டும்:
தொடையருகே உடைந்த கொக்கிபோல் ஒரு வரி.
பெயர் வைக்கவில்லை. எண் பதினேழு.

எல்லைக்கு அப்பால், யாலாவில்,
பிம்சனோக்கிடம் ஒன்று, இடப்பக்கம் மட்டும்.
அவள் கணக்கில் எண் நான்கு.
கூட்டுப் பட்டியலில் இரண்டு என்று எழுதினோம்.
மூன்று வருசம்.

நேற்றுப் பசியாறும் நேரத்தில் அனுப்பினாள்:
எதிரெதிரே கட்டிய இரண்டு கேமரா,
ஒரே ஓடை, ஒரே நொடி.
அவளுடைய நான்கின் மறுபுறத்தில்
என் கொக்கி.

ரொஸ்லான் வரிகளை விரல் வைத்து எண்ணினார்,
இரண்டு தரம்.
கேமரா கட்டப் போகும் ஜஹாய்க்காரன் அங்கா
எட்டிப் பார்த்தான்.
"அது அந்தப் பக்கம் போய்வருதுன்னு
போன வருசமே சொன்னேனே."
சொன்னான்தான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பதினேழை அழித்தேன்.
யாரும் சுடவில்லை,
கம்பிக்கண்ணியில் எதுவும் மாட்டவில்லை,
ஒரு புலி குறைந்துவிட்டது.

இனி எந்த எண்ணில் கூப்பிடுவது என்று
பிம்சனோக் கேட்டிருக்கிறாள்.
கீழே லாரி திரும்புகிறது.
இன்னும் பதில் போடவில்லை.