இடது குழல்

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்த மறுநாள்
வலங்கைமான் காவல் நிலையத்தில்
லைசென்ஸ் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன, பதினொன்று.
ஊர்ப் பெயரில் ஒரு மான் உண்டு.
பதினொன்றில் ஒன்றும் மானைக் கண்டதில்லை.

ரசீது எழுதுவது என் வேலை.
கையெழுத்துப் போட்ட பிறகும் போகாமல்
பிள்ளையை விடுதியில் விட வந்தவர்கள் போல நின்றார்கள்.

கூட்டுறவு வங்கிக் காவலர், மாஜி ஹவில்தார் சூசைமாணிக்கம்:
"வாய் மேலே பார்க்க நிறுத்துங்க ரைட்டரம்மா,
பட்டாளத்துச் சாமான் தலை குனியக் கூடாது."

பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய குஞ்சிதபாதம்:
"நிறுத்தாதீங்க, படுக்க வைங்க.
பதினஞ்சு நாளைக்கு ஒரு தரம் புரட்டிப் போடணும்,
பக்கவாதக்காரரைப் புரட்டுவோமே, அப்படி.
இல்லேன்னா இரும்பு ஒரு பக்கமாத் தொய்ஞ்சிடும்.
எங்க மாமாவோடது தொய்ஞ்சு போயி
பன்றியைக் குறி வெச்சா பம்புசெட்டுல படும்."

ரைஸ்மில் ஜபருல்லா காதருகே குனிந்து:
"அதுங்களோட சேர்த்து வைக்காதீங்க.
துருவும் மெட்ராஸ் ஐயும் ஒன்னு,
பார்த்தாலே ஒட்டிக்கும்."

வாய் வடக்கே இருக்கக் கூடாது என்றார் ஒருவர்.
தலைதான் கூடாது என்றார் இன்னொருவர்.
துப்பாக்கிக்கு எது தலை என்று
கைகலப்பு ஆகுமுன்
டீ வாங்கிக் கொடுத்தோம்.

கடைசியாக வடுகநாதன். அறுபத்திரண்டு. தனிக்கட்டை.
அவரது இரட்டைக்குழல்.
ஒன்றும் சொல்லாமல்
குழலை விரலால் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

யாரோ கோர்ட்டில் தடை வாங்க, தேர்தல் தள்ளிப்போயிற்று.
துப்பாக்கிகள் தங்கிவிட்டன.
ஐப்பசியில் குடமுருட்டி கரையைத் தொட்டது.
ஜாடியில் உப்பு தண்ணீராகும் மாதம்,
தீக்குச்சி உரசினால் குழையும் மாதம்,
இரும்பு மட்டும் என்ன செய்யும்?

திருவாரூரிலிருந்து ஆர்மரர் வந்தார், கருப்புப் பெட்டியோடு.
நான் சொன்ன சாஸ்திரங்களைக் கேட்டு
மீசைக்குள் சிரித்தார்.
"முதல்ல உறையைக் கழற்றுங்க.
தோலுறை ஈரத்தைக் குடிச்சுக் குழல் மேலதான் துப்பும்.
உலர்ந்த துணி, அப்புறம் எண்ணெய்த் துணி.
பூசினாப் போதும், தாளிக்கப் போறதில்ல.
வாய் கீழே. எண்ணெய் இறங்கிக் கட்டையில ஊறக் கூடாது.
சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி.
மாசம் ஒரு தரம் எட்டிப் பாருங்க.
திசையா?
கதவுப் பக்கம் பார்க்காம இருந்தாச் சரி."

பத்தில் கம்பி சரளமாகப் போய் வந்தது.
பதினொன்றில், இடது குழலில்,
இரண்டு அங்குலம் போய் நின்றது.
டார்ச் அடித்தோம்.
மண். ஈர மண். குளவி.

குளவி கூடு கட்டினால்
அந்த வீட்டில் தொட்டில் கட்டும்.
இது தெரியாதவர் நிலையத்தில் இல்லை.
லாக்கப்பிலிருந்த சாராயக் கேஸ்கூட எழுந்து வந்து
கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

ஒரு குத்து போதும்.
ஆர்மரர் கம்பியை மெதுவாக உருவிக்கொண்டார்.
கல்யாணமாகி ஒன்பது வருஷம் என்றார்,
யாரும் கேட்காமலே.

வடுகநாதனுக்குப் போன் போட்டேன்.
கொஞ்ச நேரம் மழைச் சத்தம்.
"இடதா, வலதா?"
"இடதுங்க."
"அப்பப் பொண்ணு" என்றார்.
"வலதுக்கு மட்டும் எண்ணெய் போடுங்க."

அந்த ஒன்றை
வாய் மேலே பார்க்க நிறுத்தினோம்.
சூசைமாணிக்கத்துக்குத் தெரிய வேண்டாம்.

பதிவேட்டில் எழுதினேன்:
வலது குழல், நன்று.
இடது குழல், குடியிருப்பு உள்ளது.
இன்ஸ்பெக்டர் அடிக்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால்
சின்னக் கேள்விக்குறி ஒன்று போட்டார்,
போட்டதை ஊதினார்.