இருநூற்றுப் பதினாலாம் அறை

பஹாட்கஞ்சில் மூடிப்போன விடுதியின்
இருநூற்றுப் பதினாலாம் அறையில் இருந்த ஃபிரிட்ஜ்.
எண் இன்னும் நெற்றியில் ஒட்டியிருக்கிறது.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
லக்ஷ்மி நகரில் எங்கள் மூன்றாம் மாடிக்கு
முதுகில் சுமந்து வந்தவருக்கு முந்நூறு.

திறந்தால்
யாரோ பாதியில் விட்டுப்போன சாக்லேட் வாசனை.
சோடாமாவு கரைத்துத் துடைத்தேன். போகவில்லை.

இருபது லிட்டர் கேன் நுழைய
நான்கு விரற்கடை இடம் போதவில்லை.
கதவின் உட்தட்டுகளைத் தணிகை அறுத்தான்.
மஞ்சள் நுரை பிதுங்கியது,
கிழிந்த சோபாபோல.

ஒயர் நுழைய ஒரு துளை வேண்டும்.
சுவருக்குள் எங்கோ வாயுக்குழாய் ஓடுகிறது.
அதில் பட்டால் பெட்டி அங்கேயே பிணம்.
சோளமாவை ஸ்பிரிட்டில் குழைத்துப் பக்கமெல்லாம் பூசி
ஓடவிட்டு
எதிரே உட்கார்ந்தோம்.
சூடான குழாயின் தடத்தில் மட்டும்
மாவு முதலில் வெளுத்தது,
உறங்குபவன் புறங்கையில் நரம்பு தெரிவதாக.
நரம்பில்லாத இடத்தில் டிரில்லை வைத்தான்.
மூச்சைப் பிடித்தது நான்.

லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கிய கன்ட்ரோலர்
இரண்டு தீப்பெட்டி அளவு.
சிவப்பு எண்களில் கேட்டது:
எத்தனை டிகிரி வேண்டும்?
எவ்வளவு தவறினால் பொறுப்பாய்?
அணைந்த மோட்டாரை மறுபடி எழுப்புமுன்
எத்தனை நிமிடம் காத்திருப்பாய்?

பதினெட்டு. ஒன்று.
ஐந்து என்பதை
என்னைப் பார்த்துக்கொண்டே அழுத்தினான் தணிகை.
முந்தைய இரவு நாங்கள்
ஐந்து நொடிகூடப் பொறுக்கவில்லை.

வெளியே நாற்பத்து நாலு.
கீஸரைப் போடாமலே குழாயில் வெந்நீர் வரும் மே மாதம்.
எங்களுக்கு ஏ.சி. கிடையாது.
மாடியில் குளிர்ந்திருந்த ஒரே குடித்தனம்
ஈஸ்ட்.

இரண்டாம் நாள் பார்லிச் சாறு பேசத் தொடங்கியது.
குழாய்முனையில் ஒரு குமிழ். நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு இன்னொன்று.
சென்சாரைக் கேனின் வயிற்றில் ஒட்டி
பழைய பனியனை மடித்துக் கட்டியிருந்தான்.
காற்றை நம்பக் கூடாது என்றான்,
காற்று பதினெட்டில் இருக்கும்போதே
உள்ளே தானாகச் சூடேறி இருபத்து மூன்றில் இருக்குமாம்.
"தெரியும்" என்றேன்.

படிக்கட்டில் சபர்வால் ஆன்ட்டி மூக்கை உயர்த்தினாள்.
என்ன வாசம் இது, பேட்டி?
"வினிகர் போடுகிறோம், ஆன்ட்டி."
வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல
அதைவிட யோக்கியமான திரவம் எதுவும்
அந்நேரம் நாக்கில் வரவில்லை.

ஜூனில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
பதினொரு மணிநேரம்
சிவப்பு எண் இல்லை, மின்விசிறி இல்லை.
பார்த்தே தீருவேன் என்று மூடியைத் திறந்தான்.
நான் டார்ச் பிடித்தேன்.
பழ ஈ ஒன்று வெளிச்சத்தைக் கடந்துபோனது.
மூடியைத் திரும்ப இறுக்கியது யார் என்பதில்
இன்றுவரை இரண்டு கருத்து.

ஐந்து வாரம் கழித்து முதல் தம்ளர்.
அவன் முகம் சுளிக்கவில்லை.
அதுதான் என் சந்தேகம்.
வாங்கிக் குடித்தேன்.
கடைவாய்ப் பல்வரை கூசிற்று.

இருபது லிட்டர் வினிகர்.

பியருக்குப் பார்த்த பக்குவம் எல்லாம்
பொய்க்குப் பலித்திருந்தது.
சமையலறைத் தரையில் உட்கார்ந்து
அவன் முதலில் சிரித்தானா, நானா,
அதையும் சண்டையாக்காமல் விட்டோம்.

ஞாயிறு காலை ஆன்ட்டி
காலி ஸ்குவாஷ் பாட்டிலோடு வந்து நின்றாள்.
சின்ன வெங்காயம் ஊறவைக்க வேண்டுமாம்.
ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்து
கண்ணை மூடினாள்.
"கடையில் விற்பது தண்ணீர். இது சிர்கா."
பாட்டில் நிறைந்ததும் கேட்டாள்:
அடுத்தது எப்போது?

தணிகை என்னைப் பார்த்தான்.
உள்ளே எங்கோ ரிலே டிக் என்றது.

"ஜனவரியில், ஆன்ட்டி" என்றேன்.
அப்போது குளிரவைக்கும் வேலை இல்லை.
வெளிச்சம் படாமல் இருக்க
பால்பவுடர் டப்பாவுக்குள் ஒரு பல்பு,
நாற்பது வாட் போதும்.