எட்டித் தொடுவது

மஞ்சக்குப்பம் கோர்ட். மின்விசிறி
சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிடுகிறது.
கூண்டில் ஒஸ்தாப், சரக்குக் கப்பலின் இரண்டாம் மேட்.
சிங்காரத்தோப்புப் படகை
இரவு இரண்டே காலுக்கு இடித்தது உங்கள் கப்பலா?
அந்தக் கேள்விக்கு முன்னால்
அவருக்கொரு சத்தியப் பிரமாணம்,
அதற்கும் முன்னால் எனக்கொன்று:
கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன்.

சொன்னேன். பிறகு அவர் பக்கம் திரும்பி
பிரிஸ்யாஹா என்றேன்.

அந்தச் சொல்லுக்கும் எனக்கும் ஒரு பாக்கி உண்டு.
வின்னிட்சாவில், ஆறாம் வருஷக் கடைசியில்
வெள்ளைக் கோட்டோடு எழுந்து நின்று
மருத்துவர்கள் எடுக்கும் உறுதிமொழிக்கும் அதுதான் பெயர்.
நாலு மாதம் மிச்சமிருந்தது.
சைரன் ஓயும்வரை விடுதியின் நிலவறையில்
கைக்குக் கிடைத்த அகராதியைப் படித்தேன்:
சியாஹாத்தி என்றால் எட்டுவது,
கை நீட்டித் தொடுவது.
மண்ணையோ இரும்பையோ தொட்டுச் சொன்னவர்கள்
சொன்னதை மறந்து, தொட்டதையே
சொல்லாக வைத்துக்கொண்டார்கள் போல.
இன்னொரு சொல்லும் உண்டு, க்ளியாத்வா.
சாபத்தோடு ஒரே வேரில் முளைத்தது.
அதை இன்று நான் எடுக்கவில்லை.

நாம் மட்டும் என்ன,
சூடத்தை அணைத்தால்தான்
பிள்ளையைப் போட்டுத் தாண்டினால்தான்
நாக்கை நம்புவோம்.

ஒஸ்தாப்பின் வலது கை எதையோ தேடியது.
"ஒன்னும் தொட வேணாம்னு சொல்லும்மா,
வாயால சொன்னாப் போதும்"
என்றார் பெஞ்சு கிளார்க்.
சொன்னேன். கை கேட்கவில்லை,
கூண்டின் விளிம்பு மரத்தில் போய் உட்கார்ந்தது.

முன்வரிசையில் அஞ்சலாட்சி,
கரை வராத காத்தமுத்துவின் மனைவி,
அந்தக் கையையே பார்த்திருந்தாள்.

ஒரு வெளிச்சம் கண்டேன், என்றார் அவர்.
ஸிர்க்கா என்று நினைத்தேன்.
என் வாயில் முதலில் வந்தது விண்மீன்.
அந்த வாக்கியத்துக்குள் ஒரு மீன் துள்ளுவதைப்
பார்த்துவிட்டு விழுங்கினேன்.
நட்சத்திரம் என்று நினைத்தாராம்.
தட்டச்சர் அடித்தார்.

அஞ்சலாட்சி கேட்டாள், யாரிடம் என்றில்லாமல்:
"அன்னிக்கு மழ மூட்டமாச்சே?"

அதை மொழிபெயர்க்கச் சொல்லி
எனக்கு யாரும் சொல்லவில்லை.
அதற்குள் அந்தக் கை
மரத்தை விட்டிருந்தது.